நின்ற காரைத் தொப்பி ஊசியால் ஓட வைத்த பெண்

பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. ஊர் உறங்கிக் கொண்டிருந்தது.

ஜெர்மனி நாட்டில், மன்ஹைம் நகரில், ஒரு பட்டறையிலிருந்து ஒரு தாயும் அவருடைய இரண்டு மகன்களும் ஒரு வண்டியை ஓசைப்படாமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று சக்கர வண்டி. முன்னால் குதிரை இல்லை. குதிரை பூட்டுவதற்கு இடமும் இல்லை.

சற்றுத் தூரம் தள்ளிச் சென்ற பிறகுதான் எந்திரத்தைக் கிளப்பினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கிளப்பினால் அதன் சத்தத்தில் வீட்டுக்காரர் விழித்துக் கொள்வார். விழித்துக் கொண்டால் போக விடமாட்டார்!

வீட்டுக்காரர் வேறு யாருமல்ல. அந்த வண்டியை உருவாக்கிய காரல் பென்ஸ்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் அவருடைய மனைவி பெர்த்தா.

அது 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மோட்டார் வண்டியில் நெடுந்தூரப் பயணம் என்பதை உலகம் அதுவரை கண்டதில்லை. வழியில் பெட்ரோல் கடை கிடையாது. பழுது பார்க்கும் நிலையம் கிடையாது. வண்டி நடுவழியில் நின்றால், அதைப் பற்றித் தெரிந்த மனிதர் ஒருவரும் கிடையாது.

வண்டி நிற்கத்தான் செய்தது. ஒரு முறை அல்ல, பல முறை! ஒவ்வொரு முறையும் அதை மறுபடி ஓட வைத்த அந்தப் பெண்ணின் கதை இது.

பைபிளில் கண்ட எழுத்து

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி, போர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரிங்கர், கட்டிட வேலை எடுத்துச் செய்யும் தச்சர். நல்ல வசதி உள்ளவர்.

குடும்பத்தில் பிறக்கும் குழந்தைகளின் விவரத்தை வீட்டுப் பைபிளில் எழுதி வைப்பது அந்த ஊர் வழக்கம். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் பெர்த்தா அதைப் புரட்டிப் பார்த்தார். தாம் பிறந்த விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இந்தத் தடவையும் பெண்ணாகப் போய்விட்டதே என்ற வருத்தம் அதில் தெரிந்தது.

அந்த எழுத்து சிறுமியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பெண் என்றால் எதற்கும் ஆகாதவளா என்ற கேள்வி அன்றே அவர் மனத்தில் விழுந்தது.

அக்காலத்தில் ஜெர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கவில்லை. ஆனாலும் பெர்த்தாவுக்கு எந்திரங்களைப் பற்றித் தெரிந்து கொள்வதில் தணியாத ஆவல். ரெயில் எந்திரம் எப்படி ஓடுகிறது என்று தந்தை விளக்கிச் சொன்னால் கண் கொட்டாமல் கேட்டுக் கொண்டிருப்பார்.

சீதனம் பட்டறைக்குப் போனது

1869-ம் ஆண்டில் ஓர் உல்லாசப் பயணத்தின்போது பெர்த்தா ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர்தான் காரல் பென்ஸ். ரெயில் எந்திர ஓட்டுநரின் மகன். இரண்டு வயது நிரம்பு முன்பே தந்தையை இழந்தவர். தாய் அரும்பாடுபட்டுப் படிக்க வைத்தார். கையில் பணம் இல்லை. ஆனால் தலை நிறைய ஒரே கனவு: குதிரை இல்லாமல் ஓடும் வண்டி!

மற்றவர்கள் சிரித்த அந்தக் கனவைப் பெர்த்தா நம்பினார். இருவருக்கும் நிச்சயதார்த்தம் ஆயிற்று.

1871-ம் ஆண்டில் காரல் பென்ஸ், ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து மன்ஹைமில் பட்டறை தொடங்கினார். கூட்டாளி சரிப்பட்டு வரவில்லை. அவருடைய பங்கைக் கொடுத்து அவரை விலக்கினால்தான் பட்டறை பிழைக்கும். அதற்குப் பணம் எங்கே?

பெர்த்தா தம் தந்தையிடம் சென்றார். கல்யாணத்தின்போது தரவேண்டிய சீதனத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினார். அந்தப் பணத்தில் கூட்டாளியின் கணக்குத் தீர்ந்தது. பட்டறை மிஞ்சியது.

நகைக்கும் பட்டுக்கும் போக வேண்டிய பணம், இரும்புக்கும் பித்தளைக்கும் போயிற்று!

1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ந் தேதி திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு மூத்த மகன் ஆய்கன் பிறந்தான். அதற்கு அடுத்த ஆண்டு ரிச்சர்டு. பிறகு மூன்று பெண்கள். குடும்பம் வளர்ந்தது. கூடவே கடனும் வளர்ந்தது. 1877-ம் ஆண்டில் பட்டறையே கைவிட்டுப் போய்விடுமோ என்னும் நிலை வந்தது.

கிளம்ப மறுத்த எந்திரம்

காரல் பென்ஸ் அப்போது புது மாதிரி எந்திரம் ஒன்றைச் செய்து கொண்டிருந்தார். ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் எந்திரம் அது. அது வெற்றி பெற்றால் விற்றுக் கடனை அடைக்கலாம். ஆனால் அது கிளம்புவேனா என்றது. எத்தனை முறை முயன்றும் பலன் இல்லை.

1879-ம் ஆண்டின் கடைசி நாள். இரவுச் சாப்பாடு முடிந்தது. கணவர் மனம் சோர்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு முறை பார்த்து விடலாம் என்று பெர்த்தா அவரை வற்புறுத்திப் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்.

எந்திரத்தைச் சுழற்றினார்கள். என்ன ஆச்சரியம்! அது கிளம்பியது. நிற்காமல் ஓடியது. கணவனும் மனைவியும் அசையாமல் நின்று அந்த ஓசையைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஊரிலுள்ள கோவில் மணிகள் எல்லாம் புத்தாண்டு பிறந்ததென்று முழங்கின.

நேற்று மறுத்த எந்திரம் இன்றும் மறுக்கும் என்று முடிவு கட்டி விடக்கூடாது. அன்று இரவு பெர்த்தா கற்ற பாடம் இது. பின்னால் நடுவழியில் இது அவருக்குக் கை கொடுத்தது.

விலை போகாத அதிசயம்

1883-ம் ஆண்டில் இரண்டு புதிய கூட்டாளிகளுடன் பென்ஸ் கம்பெனி தொடங்கியது. எந்திர விற்பனை சூடு பிடித்தது. பென்ஸ் தம் பழைய கனவுக்குத் திரும்பினார்.

1886-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ந் தேதி, குதிரையில்லா வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுக் கொடுத்தார். அந்த மனுவின் பேரில் 37435 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. மோட்டார் காரின் பிறப்புச் சான்று என்று உலகம் போற்றுவது இதைத்தான். அந்த முதல் வண்டியின் வலிமை ஒரு குதிரைச் சக்திகூட இல்லை! அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மன்ஹைம் வீதியில் ஊரார் பார்க்க வண்டி ஓடியது.

பார்த்தார்கள், வியந்தார்கள். ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை!

ஊருக்குள் சிறிது தூரம் ஓடுவது சரி. அடுத்த ஊருக்குப் போக முடியுமா? நடுவழியில் நின்றால் கதி என்ன? குதிரையாவது தீனி போட்டால் நடக்கும். இந்த இரும்புப் பூதத்தை யார் நம்புவது? மக்களின் எண்ணம் இப்படி இருந்தது.

காரல் பென்ஸ் அருமையான எந்திரக் கலைஞர். ஆனால் கூச்சமும் தயக்கமும் உள்ளவர். இன்னும் திருத்த வேண்டும், இன்னும் திருத்த வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே இருந்தார். வண்டியும் உள்ளேயே இருந்தது.

சீதனம் போட்ட முதல். பதினாறு ஆண்டுக் கால இல்வாழ்வின் உழைப்பு. எல்லாம் பட்டறையில் முடங்கிக் கிடப்பதைப் பெர்த்தா பார்த்தார். இந்த வண்டியை நம்பலாம் என்று யாராவது உலகுக்குக் காட்ட வேண்டும். தாமே காட்டுவது என்று துணிந்தார்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. தாய் வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. ரெயிலில் அல்ல, கணவரின் வண்டியில்! மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அவர்கள் சென்ற வழியில் நூறு கிலோ மீட்டருக்கு மேல். பெர்த்தாவுக்கு வயது 39. ஆய்கனுக்கு 15. ரிச்சர்டுக்கு 13.

மருந்துக் கடையில் பெட்ரோல்!

இப்போதுள்ள காரில் சாவியைத் திருப்பினாலோ பொத்தானை அழுத்தினாலோ போதும். அந்த வண்டியில் பின்பக்கம் ஒரு பெரிய சக்கரம் படுக்கை வாட்டில் இருந்தது. அதைக் கையால் வேகமாகச் சுழற்றினால்தான் எந்திரம் கிளம்பும். ஒவ்வொரு முறை நின்றபோதும் அந்தச் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வண்டி ஹைடல்பர்க் நகரைக் கடந்தது. வீஸ்லோக் என்ற சிற்றூரை நெருங்கும்போது எரிபொருள் குறைந்து விட்டது. வண்டியில் பெரிய தொட்டி கிடையாது. ஐந்து லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும்.

எரிபொருளுக்கு எங்கே போவது? பெர்த்தா மருந்துக் கடைக்குப் போனார்! துணியில் உள்ள கறையைப் போக்குவதற்காக லிக்ராயின் என்ற திரவத்தை அங்கே விற்பார்கள். அது பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகி எரியக்கூடியது. கறை நீக்கும் திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார்.

உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்த மருந்துக் கடையைப் பிற்காலத்தில் கொண்டாடினார்கள்.

எந்திரம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கிணற்றைக் கண்ட இடமெல்லாம் வண்டி நின்றது. சத்திரங்களில் நிறுத்தித் தண்ணீர் வாங்கினார்கள்.

ஊசியும் பட்டையும்

பெட்ரோல் எந்திரம் ஓட மூன்று பொருள்கள் தேவை. எரிபொருளின் ஆவி. அதோடு கலக்கும் காற்று. அந்தக் கலவையைப் பற்ற வைக்கும் மின்சாரப் பொறி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் எந்திரம் மூச்சு விடாது.

வழியில் எந்திரம் நின்று விட்டது. தொட்டியில் எரிபொருள் இருக்கிறது. ஆனால் அது எந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. குழாயில் அழுக்கு அடைத்துக் கொண்டிருந்தது!

குழாயோ மெல்லியது. விரல் நுழையாது. பெர்த்தா தம் தலையில் இருந்த தொப்பியைத் தொட்டார். தொப்பி காற்றில் பறக்காமல் இருக்க, அக்காலச் சீமாட்டிகள் நீண்ட ஊசி ஒன்றைச் செருகி இருப்பார்கள். அந்த ஊசியை உருவினார். குழாயில் விட்டுக் குத்தினார். அடைப்பு நீங்கியது. எந்திரம் உயிர் பெற்றது!

மற்றொரு முறை மின்சாரத்தில் பழுது. மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் ஒரு கம்பி வழியாகச் சென்று பொறியை உண்டாக்க வேண்டும். அந்தக் கம்பியின் மேலுறை உராய்ந்து தேய்ந்து விட்டது. வெறும் கம்பி இரும்பில் பட்டதால், மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே ஒழுகி விட்டது. பொறி இல்லை. ஓட்டமும் இல்லை.

இதற்கு ஊசி உதவாது. மின்சாரம் பாயாத பொருள் ஒன்றைக் கம்பியின் மேல் சுற்ற வேண்டும். காலுறை நழுவாமல் இருக்கக் கட்டும் பட்டை பெர்த்தாவிடம் இருந்தது. அதைக் கழற்றிக் கம்பியில் சுற்றிக் கட்டினார். வண்டி மறுபடி கிளம்பியது.

இரண்டு பழுதுகளுக்கும் ஒரே அறிகுறிதான்: எந்திரம் ஓடவில்லை. ஆனால் காரணம் வேறு வேறு. ஒன்றில் எரிபொருள் வரவில்லை. மற்றொன்றில் பொறி வரவில்லை. அந்தக் காரணத்தைப் பிரித்து அறிந்ததுதான் பெர்த்தாவின் சாமர்த்தியம்.

கொல்லரும் செருப்புத் தைப்பவரும்

எந்திரத்தின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது சங்கிலி. குண்டும் குழியுமான சாலையில் சங்கிலி தொய்ந்து விட்டது. புரூக்சால் என்ற ஊரில் ஒரு கொல்லர் உதவினார். குதிரை லாடம் அடித்துப் பழகிய கை, மோட்டார் வண்டியின் சங்கிலியைச் சரி செய்தது!

மேடு வந்தால் வண்டி திணறியது. உடனே தாயும் மகனும் இறங்கித் தள்ளினார்கள். வேர்க்க விறுவிறுக்கத் தள்ளி மேட்டில் ஏற்றினால், அடுத்தாற்போல் இறக்கம் காத்திருந்தது. அங்கே வேறு ஆபத்து. பிரேக்குக் கட்டை சக்கரத்தில் உரசி உரசித் தேய்ந்து போயிற்று. வண்டியை நிறுத்த முடியாவிட்டால் மூன்று உயிருக்கும் ஆபத்து!

பாஷ்லாட் என்ற கிராமத்தில் பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரைத் தேடிப் பிடித்தார். பிரேக்குக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். வண்டி பிடித்த இடத்தில் நின்றது. பிரேக்குக்கு உறை போடும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம் என்று கூறுகிறார்கள்.

மருந்துக் கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர். இவர்களில் எவரும் அதற்கு முன் மோட்டார் வண்டியைத் தொட்டவர் அல்லர். ஆனால் எந்தப் பழுதுக்கு யாரிடம் போக வேண்டும் என்பது பெர்த்தாவுக்குத் தெரிந்திருந்தது.

தந்தி பறந்தது

பொழுது சாய்ந்து இருள் சூழும் நேரத்தில் வண்டி போர்ஸ்ஹைம் வந்து சேர்ந்தது. மூவரும் புழுதியில் குளித்திருந்தார்கள். எந்தப் பைபிளில் தம் பிறப்பு வருத்தத்தோடு எழுதப்பட்டதோ, அந்தக் குடும்பத்தின் ஊருக்கே, உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்தை முடித்துக்கொண்டு பெர்த்தா வந்து நின்றார்!

நல்லபடியாக வந்து சேர்ந்த செய்தியைக் கணவருக்குத் தந்தி மூலம் தெரிவித்தார். அவருக்குக் கவலை ஒரு பக்கம். பெருமை ஒரு பக்கம்.

சில நாட்களுக்குப் பின் அதே வண்டியில் வேறு வழியாக மன்ஹைமுக்குத் திரும்பினார்கள். பெர்த்தா வெறுங்கையோடு திரும்பவில்லை. வண்டியில் உள்ள குறைகள் அத்தனையையும் அனுபவத்தில் கண்டு வந்திருந்தார். மேட்டில் ஏற வண்டிக்கு வலிமை போதவில்லை என்று எடுத்துச் சொன்னார். மேடு ஏறுவதற்கென்று கூடுதல் கியர் ஒன்றைப் பென்ஸ் அமைத்தார். பட்டறையில் எத்தனை காலம் உட்கார்ந்து யோசித்தாலும் தெரியாதவை, சாலையில் தெரிந்து விட்டன.

அந்த ஆண்டே முனிச் நகரக் கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஒரு பெண்ணும் இரண்டு சிறுவர்களும் அத்தனை தூரம் சென்று வந்த வண்டி என்ற பேச்சு பரவியது. நம்பிக்கை மெல்ல மெல்ல வளர்ந்தது. வண்டிகள் விற்றன. 1899-ம் ஆண்டில் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 வண்டிகள் செய்தது. அப்போது உலகிலேயே பெரிய மோட்டார் கம்பெனி அதுதான்.

முதுமையில் கிடைத்த கௌரவம்

பிற்காலத்தில் பென்ஸ் தம்பதிகள் லாடன்பர்க் என்ற அமைதியான ஊரில் குடியேறினார்கள். அங்கே மகன்களோடு சேர்ந்து காரல் பென்ஸ் ஒரு தொழிற்சாலை நடத்தினார். 1929-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ந் தேதி அவர் காலமானார். வாழ்க்கைச் சிறுபடகு கவிழப் பார்த்த நாளில் தம்மை விட்டு அகலாமல் துணை நின்றவர் மனைவி ஒருவரே என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் மறக்காமல் எழுதி வைத்தார்.

பெர்த்தா அதன் பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1944-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி அவருக்கு 95 வயது நிறைந்தது. அன்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அவர் கணவர் படித்த கல்விக்கூடம் அது. இளமையில் பெண்களுக்கு மூடியிருந்த கதவு, முதுமையில் அவரைத் தேடி வந்தது!

இரண்டே நாள். மே மாதம் 5-ந் தேதி பெர்த்தா கண்ணை மூடினார்.

அவர் சென்று திரும்பிய வழி, 2008-ம் ஆண்டு முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதையாக விளங்குகிறது. வீஸ்லோக் ஊரில் அந்த மருந்துக் கடைக்கு எதிரில் நினைவுச் சின்னமும் உண்டு.

பதறாத உள்ளம்

கார்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் பெட்ரோல் கார் கிளம்பாமல் அடம் பிடித்தால், நல்ல மெக்கானிக் முதலில் பார்ப்பது என்ன? பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருப்பதை விலக்கிக்கொண்டே வந்தால், மிஞ்சி நிற்பது பழுது. அன்று ஜெர்மனியின் புழுதிச் சாலையில் பெர்த்தா செய்ததும் இதுதான்.

அவரிடம் கருவிப் பெட்டி நிறையக் கருவிகள் இல்லை. தொப்பியில் ஓர் ஊசி இருந்தது. காலில் ஒரு பட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்றுபோன வண்டியைக் கண்டு பதறாத உள்ளம் இருந்தது.

பெண்ணாகப் போயிற்றே என்று ஒரு வீட்டில் வருந்தினார்கள். அந்தப் பெண் கிளப்பிய வண்டிதான் உலகத்தின் சாலைகளில் ஓடத் தொடங்கியது!